வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டிய கரண்ட்

வண்டியிலேயே குடியிருக்கிறோம் என்று சொன்னால் ஆட்கள் முதலில் கேட்பது கழிப்பறையைப் பற்றி. அடுத்தது சமையல். பயமாக இல்லையா என்பது மூன்றாவது. கரண்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் நான் மேலே கையைக் காட்டுவேன். கூரை, கூரைக்கு மேல் இரண்டு கறுப்பு சோலார் பலகைகள், அதற்கு மேல் சூரியன். அந்தக் கையசைப்பில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஜவ்வாது மலையில் ஒரு மாசி மாதத்து வாரம் அதை இறக்கி வைத்தது. முழுக்க அல்ல, கொஞ்சம்.

வண்டி பழையது. எங்களிடம் வருவதற்கு முன் கல்யாணச் சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மத்தியான வெயிலில் தகரம் சூடானால் இன்றும் எங்கிருந்தோ சாம்பார் வாசனை வரும். அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். கட்டிலுக்குக் கீழே வீட்டு பேட்டரி. வீட்டு பேட்டரி என்றுதான் சொல்வேன். எஞ்சினைக் கிளப்புகிற பேட்டரி தனியாக முன்னால் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்கவே கூடாது. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன். சொல்லுவதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் மனைவிக்கு நேர்முகத் தேர்வு. கீழே கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு ஆசிரியை வேலை. லேப்டாப்பில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், நடுவில் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அவள் வகுப்பறைக்குள் கால் வைக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களிலும் நான்கு பள்ளிக்கூடங்கள், எதிலும் ஒன்றரை வருஷத்தைத் தாண்டவில்லை. காரணம் நான். ஒரு ஊரின் சத்தம் எனக்குப் பழகிவிட்டால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும், எழுத்து வராது, கிளம்பிவிடுவேன். அவளும் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். இந்தத் தேர்வுக்கு அவள் மனு போட்டதையே நான் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒடுகத்தூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிடலாம் என்றாள். நான்தான் மலைக்குப் போகலாம் என்றேன். குளிர்ச்சி, அமைதி, படிக்க நல்ல இடம். கரண்ட்? மேலே கையைக் காட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜமுனாமரத்தூருக்கு முன்னாலேயே புளியமரங்கள் நிற்கிற ஒரு கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். கொல்லைக்காரர்கள் கணவனும் மனைவியும். இரண்டு மைல் தள்ளியிருக்கிற சிற்றூரில் வீடு. புளி உலுக்குகிற காலம் என்பதால் பகலெல்லாம் கொல்லையில்தான் இருந்தார்கள். ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்கி ஓடு நீக்குவார்கள். நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அந்த அம்மா, "நெலம் இன்னா தேஞ்சா பூடும், நிறுத்திக்கோங்க" என்றாள். ஒரு மண்மேட்டை ஒட்டினாற்போல் வண்டியைச் சேர்த்தேன். மேடு கிட்டத்தட்ட வண்டிக் கூரை உயரம். காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மரங்களிலிருந்து நன்றாக விலக்கி நிறுத்தினேன், பலகையில் ஒரு மூலைக்கு நிழல் விழுந்தாலும் மொத்தமும் படுத்துக்கொள்ளும் என்பதால். அவ்வளவு கவனம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீட்டரைப் பார்த்தேன். உச்சி வெயிலில் இருபது ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் அரை ஆம்பியர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அரை.

கொல்லையின் கீழ்க்கோடியில் ஒரு பாறையருகே போனால்தான் போனில் சிக்னல் வரும். அங்கிருந்து ஒடுகத்தூரில் எனக்கு இதையெல்லாம் மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் நிதானமான மனிதர், அதுவே எனக்கு எரிச்சல்.

"பலகை மேல ஏதாச்சும் மறைப்பு கிறைப்பு இருக்குதா பாருங்க சார்."

காலையில்தான் ஏறித் துடைத்தேன் என்றேன்.

"இப்ப ஏறிப் பாத்தீங்களா?"

காலையில் துடைத்த பலகை மத்தியானத்துக்குள் எங்கே போகும் என்று கேட்டேன். அவர், அப்படியானால் ஃப்யூஸைப் பாருங்கள், கனெக்‌ஷனைக் கழற்றி மாட்டுங்கள் என்றார்.

பலகையைச் சூரியன் ஏறுமுன் துடைக்க வேண்டும். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் கீறல் விட்டுவிடும். அதனால் ஆறரைக்கே ஏணியில் ஏறிவிடுவேன். கிழக்கே மலை மறைப்பதால் எட்டு மணிக்கு மேல்தான் அங்கே வெயில் இறங்கும். எட்டு மணிக்கு நான் கேன்களை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவேன். நாலு மணிக்குச் சிக்னல் பாறைக்கு. நடுவில் உள்ள நேரமெல்லாம் வண்டிக்கு உள்ளே, வண்டிக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே தலை, வெளியே கால். இந்தக் கால அட்டவணையை இவ்வளவு விளக்கமாக ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். எனக்கு அது தெரிய மூன்று நாள் ஆனது.

புதனும் வியாழனும் துடைக்கும்போது கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டியது. நார் நாராக ஏதோ. பனியில் மரம் சொட்டுகிறது என்று நினைத்து, நாற்பதடி தள்ளியிருந்த புளியமரத்தைத் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பாடம் நடத்திப் பழகவேண்டும் என்றாள். பின்னங்கள். வீட்டு பேட்டரி பதினொன்று புள்ளி எட்டு வோல்ட்டில் கிடந்தது. அதற்குக் கீழே இறக்கினால் அது பேட்டரி இல்லை, கல். இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று அழ ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதைச் செய்யக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்வேனோ அதையே செய்தேன். முன்னால் இருக்கிற பேட்டரியிலிருந்து வயரை இழுத்து லேப்டாப்புக்கும் விளக்குக்கும் கொடுத்தேன். ஒரு மணி நேரம்தானே. அவள் முக்கால், அரை, கால் என்று மரங்களுக்குப் பாடம் எடுத்தாள். நன்றாக எடுத்தாள். அவள் குரலில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெட்டு, ஒரு நிமிர்வு வந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயரைக் கழற்ற மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி 'டிக்'. வண்டி ஓடினால் அந்த ஓட்டத்திலேயே வீட்டு பேட்டரிக்கும் கொஞ்சம் ஏறுகிற மாதிரி ஒரு இணைப்பு உண்டு. அதை மாட்டுவதை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். இனி அதை நினைத்தும் பயனில்லை, வண்டியே நகரவில்லை. தள்ளிவிட ஆள் வேண்டும். ஆட்களெல்லாம் புளியமரத்தின் மேல்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். ஜமுனாமரத்தூருக்கு பஸ் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போய் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். வேண்டாம், வந்துவிடும் என்றேன். கொல்லைக்காரம்மா வீட்டில் கரண்ட் இருக்கிறதாம், லேப்டாப்பை அங்கே போடட்டுமா என்றாள். வேண்டாம், வந்துவிடும். அடுத்த வீட்டில் போய் கரண்ட் கேட்பதற்கா இத்தனை பாடு? வண்டிக்குக் குடிவந்த எட்டு மாதமாக நான் எழுதிவந்ததெல்லாம் என்ன? யாரிடமும் எதையும் கேட்காத வாழ்க்கை, வானத்தோடு நேரடிக் கணக்கு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கங்கள்தான் என்னைப் போகவிடவில்லை. வெயில் என்னவோ குறைவில்லாமல் அடித்தது. பாறை கொதித்தது, ஆடுகள் நிழல் தேடின, வானம் தேய்த்துக் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. அத்தனை வெயிலிலிருந்து என் வண்டிக்குள் அரை ஆம்பியர்.

ஃப்யூஸ்களை மாற்றினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலரைக் கழற்றி, ஊதி, மாட்டி, மறுபடி கழற்றினேன். ஒரு திருகு எங்கோ உருண்டு காணாமல் போனது. அதற்காக அரை மணி நேரம் தரையைத் தடவினேன். உதவட்டுமா என்று அவள் எட்டிப்பார்த்தபோது, உனக்கு இது புரியாது, நீ படி என்றேன். அந்த வார்த்தையின் விலை மறுநாள் தெரிந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணி. கீழே பார்க்க எதுவும் பாக்கியில்லை. பலகையின் அடியில் இருக்கிற இணைப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று, ஒரு வழியாக, உச்சி வெயிலில் பின் ஏணியில் ஏறினேன்.

பலகை இல்லை. புளி இருந்தது.

இரண்டு பலகைகளையும் மூடி, ஓரம் வரைக்கும், விரல் விட இடமில்லாமல், ஓடு நீக்கிய புளி. அவ்வளவு நேர்த்தியாகப் பரப்பியிருந்தது. பழுப்பு, சிவப்பு, அங்கங்கே கறுப்பு. தேனீக்கள் மொய்த்தன. வாசனை மூக்கில் ஏறி வாயில் நீர் ஊறியது, அந்தக் கோபத்திலும்.

மண்மேட்டின் மேல் கொல்லைக்காரம்மா கூடையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"சூப்பரா காயுது சார். பாறையில போட்டா மூணு நாளு புடிக்கும். இங்க ஒண்ணரை நாளு. ஆட்டுக்கும் எட்டல, கோழியும் வரல."

காலை எட்டு மணிக்கு வெயில் வந்ததும் மேட்டிலிருந்து கைநீட்டிப் பரப்புவாளாம். நாலு மணிக்கு, பனி இறங்குமுன், வாரிக் கூடையில் போட்டுக்கொள்வாளாம். இது வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற பலகை அம்மா என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் யோசித்தாள்.

"வெயிலு ஊருக்கே கொட்டிக் கெடக்குது. அதுல கொஞ்சம் புளிக்குக் குடுத்தா கரண்டுக்குப் பத்தாம பூடுமா?"

பதிலில்லாத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், கடுமையாகப் பேசினேன். கேட்காமல் அடுத்தவர் வண்டியின் மேல் எதையும் போடலாமா என்றேன். அவள் முகம் சுருங்கியது. இரண்டு கையாலும் புளியை வார ஆரம்பித்தாள்.

கீழே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்தாள்.

"கேட்டாங்க. எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் போட்டுக்கோங்கன்னேன்."

வண்டிக் கூரையின் மேல், பலகையில் படாமல் என்றுதான் நினைத்தாளாம். கூரையில் பலகை போக மீதி இடம் ஒரு முழம்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் ஏணியில் ஏறியதே இல்லை. ஏற நான் விட்டதில்லை. நிழல் விழுந்தால் என்ன ஆகும், எதனால் ஆகும் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுமில்லை. பின்னங்களை மரங்களுக்கே புரிகிற மாதிரி நடத்துகிறவளுக்கு இது புரியாமலா போயிருக்கும்? மூன்று நாளாக நான் 'வரவில்லை வரவில்லை' என்று தலையில் அடித்துக்கொண்டது அவளுக்கு ஏதோ மருத்துவ அறிக்கை மாதிரி, புரியாத பாஷையில்.

நானும் இறங்கி மேட்டில் ஏறிப் புளி வாரினேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. கூடையைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டேன், அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. கொல்லைக்காரம்மா போகும்போது, "டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது சார், நாங்க இருக்கறோம்" என்றாள். அது ஆறுதலா குத்தலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கண்ணாடியில் புளியின் பசை ஏடு ஏடாகப் படிந்திருந்தது. சூட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, சாண் சாணாகத் துடைத்தேன். ஒரு மணிக்கு மீட்டர் பதினெட்டு ஆம்பியர் காட்டியது. அந்த எண்ணை அவளிடம் போய்ச் சொன்னேன். நல்லது என்றாள். நாலு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு, அந்த அம்மாவோடு சற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சமாதானம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். இருட்டுமுன் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீட்டு பேட்டரி பன்னிரண்டு புள்ளி நாலு. நான்கு நாளில் முதல்முறையாக இன்வெர்ட்டர் அழாமல் இருந்தது. லேப்டாப்பைக் கொண்டுவா, சார்ஜ் போடலாம் என்றேன்.

"நேத்தே போட்டாச்சு. அவங்க வூட்ல."

"இங்கதான் வந்துடுச்சே."

"வந்துச்சு. எனக்கு நம்பிக்கை வரல."

சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். சண்டைக் குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மீட்டரை நான் அணைக்கவில்லை. பன்னிரண்டு புள்ளி நாலு, பன்னிரண்டு புள்ளி ஐந்து என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தச் சிற்றூருக்கு மேலே ஒரு பாறை. அங்கே டவர் நேராகத் தெரியும், முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு சிக்னல் வரும் என்று இடம் காட்டியவளும் கொல்லைக்காரம்மாதான். ஒரு நாற்காலியும் லேப்டாப் வைக்க ஒரு மர முக்காலியும் கொடுத்தனுப்பினாள். வெயிலில் திரை தெரியாததால் நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால், காமிராவுக்குத் தெரியாமல், ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றேன். ஒரு மணி நேரம். கை மரத்துப்போனது. மாற்றினால் நிழல் அசையும் என்று மாற்றவில்லை.

பின்னத்தைப் புளியை வைத்து நடத்தினாள். ஒரு பழத்தில் நான்கு கொட்டை, அதில் ஒன்றை எடுத்தால் மீதி எவ்வளவு. திரையில் இருந்த மூன்று பேரில் ஒருவர் சிரித்தார். எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் நடுவில் இருந்த அம்மாள் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். நான்கு பள்ளிக்கூடங்கள், பிறகு இத்தனை வருஷ இடைவெளி, இப்போதைய முகவரி என்ற இடத்தில் ஒரு கோடு. பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டுப் போகிற ஆசிரியர் எங்களுக்கு வேண்டாம், நீங்கள் ஒரே இடத்தில் இருப்பீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

குடை லேசாக ஆடியிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருப்பேன் மேடம். கணியம்பாடியிலயே வீடு பாத்து வெச்சிருக்கோம்."

திரை அணைந்தது. நாற்காலியை மடக்கினேன். எந்த வீடு, எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.

"பாக்கல. இனிமேதான் பாக்கணும்."

"பொய்யா சொன்ன?"

"நாலு நாளா 'வந்துடும் வந்துடும்'னீங்களே, அது இன்னாவாம்?"

பகல் சோற்றுக்கு மரத்தைவிட்டு இறங்கிய ஆட்கள் எட்டுப் பேர் வண்டியைத் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் மூன்றாவது தடவை எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. கொல்லைக்காரம்மா மேட்டில் நின்று கையசைத்தாள், என் மனைவிக்கு. அமிர்தி வழியாக இறங்கினோம். வளைவுகள், மூங்கில், குரங்குகள், காட்டுக்குள் ஒரு சில்லென்ற இருட்டு. எதையும் நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு முடிவு சொல்லும் முன் தான் சொன்னது உண்மையாகியிருக்க வேண்டும் என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கணியம்பாடியில் மூன்று வீடு பார்த்தாள். அவள் மட்டும். நான் வண்டியிலேயே, எஞ்சினை ஓடவிட்டபடி, தெருவில் உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்ததற்கு முன் பேட்டரியில் போதுமான அளவு ஏறியிருக்க வேண்டும். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெருக்காரர்கள் புகையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு பெரியவர் டீசலை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று ஜன்னலைத் தட்டிக் கேட்டார்.

மூன்றாவது வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள்.

"இது பரவால்ல. எறங்கி வந்து பாருங்களேன்."

"அணைச்சா மறுபடி எடுக்காது."

"எடுக்காட்டி இன்னா?"

அவள் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். நான் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எஞ்சினின் நடுக்கம் முழங்கை வரை ஏறுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன். தெரு திடீரென்று அவ்வளவு அமைதியாக இருந்தது.

கூடம், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். குழாயைத் திறந்து காட்டினாள், ஸ்விட்சைப் போட்டு அணைத்துக் காட்டினாள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடி ஒவ்வொரு அறையாகப் போய்வந்தேன். ஜன்னல்கள் சரியான பக்கம்தான் இருந்தன. சுவரில் ஈரம் இல்லை. எதுவும் அகப்படவில்லை.